அரபுக் குதிரை: முகத்தைப் பார்க்கிறதா, மூச்சைப் பார்க்கிறதா?

வாவிக்கரை:
அரபுக் குதிரை எண்டதும் எல்லாருக்கும் கண்ணுக்குள்ள வாறது அந்த முகம்தான். மூக்கெலும்பு கொஞ்சம் குழிஞ்சு, நெத்தி புடைச்சு, கண் பெரிசாகி, வால் கொடி மாதிரி நிமிர்ந்து நிக்கும். விலை சொல்றவங்களும் முகத்தைக் காட்டித்தான் சொல்றாங்க. இந்த இழையில ரெண்டு விஷயம் பேசுவம். ஒண்டு, இன அடையாளம் எண்டு எதை நம்பலாம். மற்றது, பாலைவனத்துப் பிராணி மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோர வெக்கையில எப்பிடி நிக்கும். தீனி, தண்ணி, குளம்பு எல்லாத்துக்கும் கணக்கு வேணும். தெரிஞ்சவங்க அளவோட எழுதுங்க.

கல்முனைக் காக்கா:
முதலில் அளவு. தரையிலிருந்து, கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேடு வரைக்கும் 145 முதல் 155 சென்ரிமீற்றர். நிறை 360 முதல் 450 கிலோ. 165 சென்ரிமீற்றர் குதிரையைக் கொண்டுவந்து "சுத்த அரபு" என்றால் அனேகமாக அது பந்தயக் குதிரைக் கலப்பு.

முகத்தில் நான் முதலில் பார்ப்பது குழிவை அல்ல. தலையும் கழுத்தும் சேருகிற இடத்தைப் பார்ப்பேன். நெற்றிப் புடைப்புக்கு அரபியில் ஜிப்ஹா என்று பேர்; இந்தச் சேரும் வளைவுக்கு மித்பஹ். அந்த வளைவு நீண்டு, இரண்டு தாடைக்கும் நடுவில் ஒரு கைமுஷ்டி புகுகிற அகலம் இருந்தால் தொண்டைக் குழாய்க்குத் தாராளமாக இடம் இருக்கிறது என்று அர்த்தம். குதிரையால் வாயால் மூச்சு விட முடியாது. மூக்கு ஒன்றுதான் வழி. அதனால்தான் அரபுக் குதிரையின் மூக்குத்துவாரம் சும்மா நிற்கும்போது ஒடுங்கியும் ஓடும்போது கிண்ணம் போல விரிந்தும் இருப்பதைப் பெரிதாகச் சொல்வார்கள். அழகு என்று நாம் சொல்வதில் பாதி காற்றுப் பாதைதான். மூக்கெலும்பை அளவுக்கு மீறிக் குழிய வைத்து இனம்பெருக்கினால் அந்தப் பாதைதான் முதலில் நெருங்கும். கண்காட்சிக்காக அப்படி வளர்ப்பதை மிருக வைத்தியர்கள் கண்டிப்பது அதனால்தான்.

இந்தக் குதிரையை வளர்த்த பாலைவன நாடோடிகளான பதூயின் அரபிகள் வம்சம் பார்த்தது தாய் வழியில். குஹைலான், ஸக்லாவி, உபைய்யான், ஹம்தானி, ஹத்பான் என்று ஐந்து குலம் சொல்வார்கள். குஹைலான் என்ற பேர் 'குஹ்ல்' என்ற சொல்லிலிருந்து வந்தது, நம்முடைய சுறுமாதான். கண்ணைச் சுற்றி மயிர் இல்லாத கறுத்த தோல் மையெழுதியது போல இருக்கும். தோல் கறுப்பு என்பதும் ஒரு அடையாளம். வெள்ளைக் குதிரையின் மயிரை விலக்கினாலும் உள்ளே கறுப்புத் தெரியும்.

லாடக்காரன்:
காக்கா, கடைசி வரியில ஒரு திருத்தம். கறுத்த தோலை மட்டும் வச்சு அரபு எண்டு சொல்ல ஏலாது. சாம்பல் நிறத்தில வளந்து வெளுக்கிற எந்த இனக் குதிரைக்கும் உள்தோல் கறுப்புத்தான். அது பிறக்கேக்க நிறத்தோட பிறந்து, வருஷம் போகப் போக மயிர் மட்டும் வெளுக்கிறது.

"அரபுக்கு 17 விலா, மற்றக் குதிரைக்கு 18" எண்டதும் அப்பிடித்தான். சில அரபுக் குதிரைக்கு 17 சோடி விலாவும், இடுப்பில 6க்குப் பதிலா 5 முள்ளெலும்பும் இருக்கிறது உண்மை. எல்லாத்துக்கும் இல்லை. உயிரோட நிக்கிற குதிரையில கையால தடவி விலா எண்ணி இனம் சொல்லவும் ஏலாது.

நம்ம பக்கத்தில பிரயோசனமான சோதனை காது. இந்தியாவில இருந்து வாற மார்வாரி, கத்தியவாரிக் குதிரையளும் மெலிஞ்ச முகம், நிமிர்ந்த கழுத்து எண்டு தூரத்தில அரபு மாதிரித் தெரியும். காதைக் கூர்மையாக்கி முன்னால நிமித்தேக்க ரெண்டு நுனியும் ஒண்டையொண்டு தொட்டா, இல்லாட்டித் தொடுமாப்போல உள்ள வளைஞ்சா அது அந்த இனம், அல்லது அதின்ர கலப்பு. அரபுக் காது சின்னது, நுனி லேசா உள்பக்கம் சாயும், ஆனா தொடாது.

மறுகா காலுக்கு வாங்க. வாங்கிறவர் கடைசியாப் பார்க்கிறது கால், நான் முதலாப் பார்க்கிறது கால். முன்னங்கால் முட்டுக்குக் கீழ, எலும்புக்குப் பின்னால போற தசைநாண், நாம நரம்பு எண்டுறது, கயிறு மாதிரித் தனியாத் தெரியவேணும். விரலால நீட்டுக்குத் தடவுங்க. எங்கயாவது வீக்கம், சூடு, அமத்தினா காலை இழுக்கிறது இருந்தா முகம் எவ்வளவு வடிவா இருந்தாலும் விடுங்க. கண்காட்சிக்கெண்டு பெருக்கின வரிசையில பின்னங்கால் நேராக் குத்திட்டு நிக்கிறதைக் காணலாம். அது பின்முட்டைத் தேய்க்கும்.

சுமை: சேணத்தோட சேர்த்து உடல் நிறையில 20 வீதம். 400 கிலோ குதிரைக்கு 80 கிலோ. சேணம் 8 கிலோ எண்டா ஏறுறவர் 72 கிலோ. அரபுக்கு எலும்பு அடர்த்தி கூட எண்டு சொல்லி 95 கிலோ ஆளை ஏத்துறது பிழை. கடற்கரை மணலுக்கு இன்னும் குறைக்கவேணும்.

பரிவைத்தியம்:
அடையாளம் பற்றிய விவாதத்துக்கு முடிவு கடதாசியில்தான் இருக்கிறது. உலக அரபுக் குதிரை அமைப்பு ஏற்றுக்கொண்ட பதிவேட்டில் பேர், மைக்ரோ சிப் இலக்கம், பெற்றோரை உறுதிசெய்த மரபணுப் பரிசோதனை மூன்றும் பொருந்த வேண்டும். சிப்பை வாசிக்கும் கருவியைக் கழுத்தின் இடப்பக்கம், பிடரிமயிருக்குச் சற்றுக் கீழே வைத்துப் பார்த்து, வருகிற இலக்கத்தைக் குதிரைக்குரிய கடவுச்சீட்டோடு ஒப்பிடுங்கள். முகம் பார்த்துத் தரும் சான்று சான்றல்ல.

இனம்பெருக்க எண்ணம் இருந்தால் இதைவிட முக்கியமானது பரம்பரை நோய்ச் சோதனை. அரபு இனத்தில் மூன்றைத் தவறாமல் பார்க்க வேண்டும்.

கடும் நோயெதிர்ப்புக் குறைபாடு: குட்டி பிறக்கும்போது நன்றாகத்தான் இருக்கும். தாயின் சீம்பாலில் கிடைத்த எதிர்ப்புச் சக்தி கரைந்ததும் நுரையீரல் தொற்று வந்து, பெரும்பாலும் ஐந்து மாதத்துக்குள் இறக்கும். வைத்தியம் இல்லை.

சிறுமூளைத் தேய்வு: அனேகமாக ஆறு கிழமைக்கும் நாலு மாதத்துக்கும் இடையில் தெரியவரும். தலை ஆடும், முன்னங்காலை அளவுக்கு மேல் தூக்கி வைக்கும், தூரம் மட்டுக்கட்டத் தெரியாமல் வேலியில் மோதும். விழுந்து அடிபட்டதாக நினைத்துப் பலர் கோட்டை விடுவது இதைத்தான்.

ஊதா நிறக் குட்டி நோய்: எகிப்திய வரிசைகளில் கூடுதல். குட்டி வெளிறிய ஈயநிற மயிரோடு பிறந்து, எழும்பி நிற்க முடியாமல் வலிப்பு வந்து சில நாளில் போய்விடும்.

மூன்றும் ஒரே கணக்கு. நோய் மரபணுவைச் சுமக்கும் ஆணையும் சுமக்கும் பெட்டையையும் சேர்த்தால் ஒவ்வொரு குட்டிக்கும் 25 வீதம் நோய், 50 வீதம் சுமப்பு, 25 வீதம் சுத்தம். சுமப்பவை தம்மளவில் முழுச் சுகமானவை. பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. சுமப்பதைச் சுத்தமானதோடு மட்டும் சேர்த்தால் நோய்க் குட்டி ஒருநாளும் பிறக்காது. மாதிரி எடுப்பது எளிது: பிடரிமயிரில் 20, 30 மயிரை விரலில் சுற்றி வேரோடு பிடுங்குங்கள். வெட்டிய மயிரில் வேர் இல்லை, ஆய்வுகூடம் திருப்பி அனுப்பிவிடும்.

வெளுத்த குதிரை வாங்குகிறவர்கள் வாலைத் தூக்கி அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். வயது போன வெளுத்த குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த இடத்தில் கறுப்புக் கட்டிகள் வரும். பட்டாணி அளவில் ஒன்றிரண்டு என்றால் கண்காணித்தால் போதும். கொத்தாகத் திரண்டிருந்தால் விலை பேசவே வேண்டாம்.

வாவிக்கரை:
வைத்தியர் ஐயா, நன்றி. இப்ப வெக்கைக்கு வருவம். "பாலைவனக் குதிரைதானே, நம்ம வெயில் அதுக்கு என்ன செய்யும்" எண்ட கதை எல்லா இடத்திலயும் கேக்குது.

கச்சான்காத்து:
அந்தக் கதை குதிரையைக் கொல்லும். பாலைவன வெக்கை வேற, நம்ம வெக்கை வேற.

அரபுக் குதிரை சூட்டைத் தாங்குறது மெல்லிய தோலாலயும், தோலுக்குக் கிட்ட ஓடுற இரத்தக் குழாயளாலயும், உடம்பின்ர பருமனுக்குத் தோல் பரப்புக் கூட இருக்கிறதாலயும். எல்லாம் சேர்ந்து செய்யிற வேலை ஒண்டுதான்: வேர்வையை ஆவியாக்கி உடம்பைக் குளிரப் பண்றது. காத்து வறண்டிருந்தாத்தான் வேர்வை ஆவியாகும். வாவிக்கும் கடலுக்கும் நடுவில இருக்கிற நம்ம ஊர்க் காத்து ஏற்கெனவே தண்ணி குடிச்ச காத்து. வேர்வை ஆவியாகாம வயித்தால சொட்டிக்கொண்டு நிண்டா, குதிரை தண்ணியையும் உப்பையும் இழந்ததுதான் மிச்சம். சூடு உள்ளுக்க அப்பிடியே இருக்கும்.

கணக்கு இது. பரனைற்றில வெப்பநிலை, அதோட ஈரப்பத வீதம், ரெண்டையும் கூட்டுங்க. 130க்குக் கீழ எண்டா பயமில்லை. 150க்கு மேல, அதுவும் கூட்டுத்தொகையில பாதிக்கு மேல ஈரப்பதத்தால வந்ததெண்டா, வேலையைப் பாதியாக்குங்க. 180க்கு மேல சேணமே போடாதீங்க. இப்ப நம்ம காலைப் பொழுதைப் பாருங்க: 26 பாகை செல்சியஸ் எண்டா 79 பரனைற், ஈரப்பதம் 88. கூட்டினா 167! விடியக்காலை குளிர்ச்சி எண்டு நம்பி நல்லா ஓட விடுறவங்க இதைக் கவனிக்கிறதில்லை.

லாடக்காரன்:
அப்ப மத்தியானம் 33 பாகை, ஈரப்பதம் 65 எண்டா 91உம் 65உம் 156தானே. காலையை விட மத்தியானம் நல்லம் எண்டு வருதே அண்ணன்?

கச்சான்காத்து:
இல்லை தம்பி, அந்தக் கூட்டலில வெயில் சேரயில்லை. அது நிழல் கணக்கு. நேர் வெயிலும் மணலில இருந்து எழும்புற சூடும் தனி. அதனால நேரம் காலைதான், வேகத்தைத்தான் குறைக்கவேணும். முதல் பத்து நிமிஷம் நடை, பிறகு மெல்லோட்டம் ஐஞ்சு நிமிஷம், நடை ஐஞ்சு நிமிஷம். இப்பிடி மாறி மாறி 40 நிமிஷம் போதும்.

இன்னொண்டு. ஆடி, ஆவணியில கச்சான் எண்ட வறண்ட மேல்காத்து அடிக்கேக்க நமக்குத் தாங்க ஏலாது, ஆனா குதிரைக்கு அதுதான் ஊர்க் காத்து. 35 பாகை, ஈரப்பதம் 50 எண்டா 145தான். வேர்வை உடனே காயும். ஆபத்து வேற பக்கத்தால வரும்: காஞ்சிருக்கிறதால எவ்வளவு வேர்த்ததெண்டு கண்ணுக்குத் தெரியாது. கடும் வேலையில மணித்தியாலத்துக்கு 10 லீற்றருக்கு மேல போகும். குதிரை வேர்வை இரத்தத்தை விட உப்புக் கூடினது. உப்பும் சேர்ந்தே போறதால மூளைக்குத் தாகம் தெரியாது, தண்ணியை வச்சாலும் முகத்தைத் திருப்பும். அதுக்குத்தான் முதல் உப்பு. கறியுப்பு ரெண்டு பங்கு, பொட்டாசியம் குளோரைட் ஒரு பங்கு. அதில 30 முதல் 60 கிராம் ஈரத் தீனியில பிசைஞ்சு குடுத்து, பக்கத்தில ரெண்டு வாளி தண்ணி வைக்கவேணும். வெறும் உப்பைக் குடுத்துத் தண்ணி வைக்காம விட்டா நிலைமை இன்னும் மோசமாகும்.

நாடி பார்க்கப் பழகுங்க, இதுதான் அரபுக் குதிரையின்ர உண்மையான பெருமை. தாடை எலும்பின்ர உள்விளிம்பில, கன்னச் சதைக்குக் கொஞ்சம் முன்னால, சுண்டுவிரல் மொத்தத்தில ஒரு நாளம் உருளும். பெருவிரலை வைக்காம மற்ற ரெண்டு விரலால எலும்போட சேர்த்து அமத்தி, 15 செக்கனுக்கு எண்ணி நாலால பெருக்குங்க. ஓய்வில 28 முதல் 44. நெடுந்தூரப் போட்டியில தரிப்பிடத்தில 64க்கு இறங்கினாத்தான் மேல போக விடுவாங்க. கலிபோர்னியாவில 1955இல இருந்து நடக்கிற 100 மைல் ஒருநாள் ஓட்டத்தில அரபுக் குதிரையள் தொடர்ந்து முன்னுக்கு நிக்கிறது வேகத்தால மட்டுமில்லை, இந்த இறக்கத்தாலதான். வாங்கப் போறவர் முகத்தைப் படம் பிடிக்கிறதை விட்டுட்டு, பத்து நிமிஷம் ஓட விட்டு, நிப்பாட்டிப் பத்து நிமிஷத்தால நாடியை எண்ணட்டும்.

மூச்சு எண்ணிக்கை நாடியை விடக் கூடினா உடம்பு கொதிக்குது எண்டு அர்த்தம். உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணி ஊத்துங்க. ஊத்தி, வழிச்சு, திரும்ப ஊத்தி எண்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். நிறுத்தாம ஊத்திக்கொண்டே இருந்தாப் போதும். ஈரத் துணியால போர்த்தக் கூடாது. 20 நிமிஷம் ஊத்தியும் உடம்புச் சூடு 40 பாகைக்குக் கீழ வரயில்லை எண்டா வைத்தியர் வரவேணும்.

பரிவைத்தியம்:
கச்சான்காத்து அண்ணன் சொன்னதோடு ஒன்று. ஈர வெப்ப நாடுகளுக்கு வரும் சில குதிரைகள் சில மாதத்தில் வேர்ப்பதையே நிறுத்திவிடும். வேலை முடிந்தும் உடம்பு காய்ந்திருக்கும், காதடியில் மட்டும் ஈரம், மூச்சு நாய் போல இளைக்கும். பழகிவிட்டது, இப்போது வேர்ப்பதே இல்லை என்று சந்தோஷப்பட வேண்டாம். அது நோய்.

பட்டிக்காரன்:
தீனிக்கு நான் வாறன். மாடு வளக்கிற நமக்கு இதிலதான் பிழை வரும். குதிரை அசை போடாது, நாலு பை வயிறு இல்லை. மாட்டுக்கு நல்லது குதிரைக்கு நல்லதெண்டு இல்லை.

400 கிலோ குதிரைக்கு நாளுக்கு உலர் நிறையில 6 முதல் 8 கிலோ புல் வேணும். பச்சைப் புல்லில அஞ்சில ஒரு பங்குதான் உலர் நிறை, அப்ப 30 முதல் 40 கிலோ வெட்டோணும். நாலு ஐஞ்சு தரமாப் பிரிச்சுப் போடுங்க. வைக்கோலை மட்டும் நம்பினா குடல் அடைச்சு வயித்துக்குத்து வரும். போடுறதெண்டா மொத்தத்தில கால் பங்குக்கு மேல வேண்டாம், பூஞ்சை வாசம் இருந்தா அதுவும் வேண்டாம். தண்ணி சும்மா நிக்கிற நாளில 25 முதல் 40 லீற்றர், வேலை நாளில அதுக்கு மேல.

பெரிய பிழை தவிடு. அம்பாறைப் பக்கம் ஆலைக்கு ஆலை தவிடு கிடைக்குது, குதிரையும் விரும்பித் தின்னும், மினுமினுப்பும் வரும். ஆனா ஒரு கிலோ தவிட்டில பொஸ்பரஸ் கிட்டத்தட்ட 16 கிராம், கல்சியம் 1 கிராம்தான். கல்சியம் ஒண்டரை மடங்கு கூட நிக்கவேண்டிய இடத்தில தலைகீழ். உடம்பு என்ன செய்யும்? தன்ர எலும்பில இருந்து கல்சியத்தை எடுக்கும். முதல் மாறி மாறி நொண்டும், பிறகு கன்ன எலும்பு ரெண்டு பக்கமும் வீங்கும். அந்த வடிவான அரபு முகம் பெட்டி மாதிரி ஆகிரும்.

ஒரு கிலோ தவிட்டுக்கு 60 கிராம் தீனிச் சுண்ணாம்புத் தூள், அதாவது கல்சியம் காபனேற்று, சேர்த்தா அந்தக் கணக்குச் சரிவரும். வெத்திலைச் சுண்ணாம்பு இல்லை, அது வாயைச் சுடும்! தவிடு அரைச்ச ரெண்டு மூண்டு நாளுக்குள்ள முடிக்கவேணும், பிறகு எண்ணெய் காறிரும். நாளுக்கு ஒரு கிலோவுக்கு மேல போகாதீங்க.

கோ-3 புல், கினிப் புல் மட்டும் தின்னுற குதிரைக்கும் இதே தலை வீக்கம் வரலாம். அதில இருக்கிற ஒக்சலேற் கல்சியத்தைக் கட்டிப் பிடிச்சிரும். மாட்டின்ர வயித்தில அதை உடைக்கிற கிருமி நிறைய இருக்கு, அதனால மாட்டுக்குத் தெரியாது. அதையும் அறுகு, வரம்புப் புல் எல்லாத்தையும் கலந்து போடுங்க. தேங்காய்ப் புண்ணாக்கு நல்ல தீனி: ஊறவச்சு அரைக் கிலோவில தொடங்கி மெல்லக் கூட்டுங்க. பூஞ்சை பிடிச்ச புண்ணாக்கைத் தொடவே வேண்டாம். இபில் இபில் இலை தின்னா பிடரிமயிரும் வால் மயிரும் கொட்டும். கிளிரிசீடியாவும் குதிரைக்கு ஆகாது.

கடைசியா ஒண்டைக் கெஞ்சிக் கேக்கிறன். கோழித் தீனி, தீனிக் கலவை மூட்டையைக் குதிரைக்குக் கிட்ட வைக்காதீங்க. கோழிக்கு இரத்தக் கழிச்சல் வராமப் போடுற மொனென்சின் எண்ட மருந்து குதிரையின்ர இதயத் தசையை அழிக்கும். உடம்பில ஒரு கிலோவுக்கு 2, 3 மில்லிகிராம் போதும். 400 கிலோ குதிரைக்கு மொத்தம் ஒரு கிராம் அளவு. அந்த நஞ்சை முறிக்க மருந்து இல்லை.

கல்முனைக் காக்கா:
பட்டிக்காரன் சொன்னது பழைய கதை என்பதற்கு ஒரு சாட்சி. 1290களில் பாண்டி நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, ஹுர்முஸ், ஏடன் பக்கத்திலிருந்து வருஷம் ஆயிரக்கணக்கில் குதிரை வந்து இறங்கியதையும், அடுத்த வருஷத்துக்குள் பெரும்பாலானவை செத்துப்போனதையும் எழுதியிருக்கிறார். பராமரிக்கத் தெரியாதது ஒரு காரணம்; சோறும் இறைச்சியும் அவித்துக் கொடுத்ததையும் குறிப்பிடுகிறார். ஒரு குதிரைக்குக் கொடுத்த பொன் கொஞ்சமல்ல. ஈரக் காற்றும் பிழையான தீனியும் அன்றைக்கே இந்த இனத்தைத் தின்றிருக்கின்றன.

வாவிக்கரை:
காக்கா, படிக்கவே நெஞ்சு கனக்குது. மாரிக்கும் மணலுக்கும் யாராவது சொல்லுங்க. காத்தான்குடியில இருந்து கல்முனை வரைக்கும் கரையோரம் முழுக்க மணல்தானே.

லாடக்காரன்:
மணல் ரெண்டு விதமாக் கெடுக்கும், வயித்தையும் காலையும்.

வயிறு: நிலத்தில தீனி போட்டா ஒவ்வொரு வாயோடயும் மணல் போய்க் குடலின்ர அடியில படியும். சோதிக்கிறது லேசு. நிலத்தில படாத மேல் சாணியில ஐஞ்சாறு உருண்டையை ஒரு தெளிவான பொலித்தீன் பையில போட்டு, தண்ணி ஊத்திக் கரைச்சு, ஒரு மூலை கீழ வாறமாதிரித் தொங்க விடுங்க. கால் மணித்தியாலத்தால அந்த மூலையை விரலால நெருடுங்க. ஒரு தேக்கரண்டிக்குக் கிட்ட மணல் சேர்ந்திருந்தா வைத்தியரோட பேசி இசப்கோல் எண்ட நார் உமி குடுக்கத் தொடங்கவேணும். தடுக்கிறதுக்கு வழி, பழைய றப்பர் பாயை விரிச்சு அதுக்கு மேல அகலத் தொட்டியில தீனி.

குளம்பு: கார்த்திகையில இருந்து தை வரைக்கும் ஈரம். குளம்பின்ர அடியில முக்கோணமா மெத்தெண்டு இருக்கிற பகுதியின்ர ரெண்டு பக்கப் பள்ளத்திலயும் கறுப்பா ஊறி அழுகின நாத்தம் வந்தா உள்ளழுகல் தொடங்கிற்று. ஒவ்வொரு நாளும் கிண்டித் துப்பரவாக்கி, காயவிட்டு, நீர்த்த அயடீனில நனைச்ச பஞ்சைப் பள்ளத்தில திணியுங்க. கட்டுற இடம் அரை அடி உயர்த்தி, மணலுக்கு மேல கிறவல் போட்டு இறுக்கியிருக்கவேணும். 6 முதல் 8 கிழமைக்கு ஒருக்கா வெட்டு. அதோட ஏற்புவலி (தெத்தனஸ்) தடுப்பூசி கட்டாயம்: ரெண்டு ஊசி 4 முதல் 6 கிழமை இடைவெளியில, பிறகு வருஷத்துக்கு ஒண்டு.

கால்: காஞ்ச மணலில குளம்பு புதையப் புதைய ஓட விட்டா முன்னங்கால் நரம்பு இழுபடும். அலை நனைச்சு இறுகின பட்டியிலதான் ஓட்டம். நம்ம கடலில வத்துப்பெருக்கு இரண்டடிக்குக் கிட்டத்தான், அந்தப் பட்டி எப்பவும் ஒடுக்கம், கடல் பக்கம் சரிவு. சரிவில ஒரே பக்கமா ஓடினா கீழ்ப்பக்கக் கால் ரெண்டிலயும் பாரம் கூட விழும். கல்லடியில இருந்து வடக்க போகேக்க வலப்பக்கம் கடல், திரும்பி வரேக்க இடப்பக்கம். போன தூரத்துக்கு அதே வேகத்தில திரும்பி வந்தா ரெண்டு பக்கத்துக்கும் சமன். பலபேர் போகேக்க ஓட்டி வரேக்க நடத்திக்கொண்டு வாறாங்க, வலது முன்னங்கால்தான் முதல் வீங்கும்.